பேச்சியம்மாவும் ஈசல் பொரியும்

வட்டவளைக்கும் கினிகத்தேனைக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயம் என்கிற வரிசை வீடுகளின் நடுக் காம்பராவில் குடியிருக்கிறாள் பேச்சியம்மா. கொழுந்து எடுப்பதில் அவள் கெட்டிக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவளும் சொல்லிக்கொள்ள மாட்டாள். பாட்டு வராது, சண்டை வராது, தீபாவளிக்கு முறுக்குச் சுட்டால் அது பல்லுக்குச் சோதனை. ஆனால் ஈசல் பொரி என்று வந்துவிட்டால் மேட்டு லயமும் பள்ளத்து லயமும் அவள் பக்கம்தான் திரும்பும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வீட்டம்மாகூட, "பேச்சி, எங்களுக்கும் கொஞ்சம்" என்று மூடி போட்ட டின் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்.

வெயிலில் காய்ந்த மண்ணில் நல்ல மழை விழுந்து, அடுத்த நாள் புழுக்கமாக இருந்தால் போதும். பொழுது சாயும்போது மழைத்தண்ணீர் ஓடும் கானோரத்துப் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பிவிடும். வெளிச்சத்தைக் கண்டால் அதற்குக் கண்மண் தெரியாது. பல்புக்குக் கீழே பேசினில் தண்ணீர் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவாக வந்து விழும். பிறகு வடித்தெடுத்து, வெறும் சட்டியில் இலேசாகச் சூடு காட்டிச் சுளகில் புடைத்தால் இறகெல்லாம் பறந்துவிடும். அரிசியைத் தனியாக வறுத்து, உப்பு, செத்தல் மிளகாய், தட்டிய பூண்டு சேர்த்து ஈசலோடு ஒரு புரட்டு. இதில் என்ன பெரிய வித்தை என்று மற்றப் பெண்களும் செய்து பார்த்தார்கள். ஒருத்தி வறுத்தால் கரிந்தது, இன்னொருத்தி வறுத்தால் நமுத்தது.

லயத்தில் இதற்கொரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டு விளக்குக்கு ஈசல் அதிகம் வருகிறதோ அந்த வீட்டுக்காரிதான் வறுக்க வேண்டும். வறுத்ததை வரிசை முழுக்கப் பங்கு வைக்க வேண்டும். பேச்சியம்மாவின் கைப்பக்குவம் தெரிந்த பிறகு சனங்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். முதல் ஈசல் கண்ணில் பட்டதும் ஒவ்வொரு வீடாக விளக்கை அணைத்துவிடுவார்கள். வரிசை முழுக்க இருட்டு, நடுக் காம்பராவில் மட்டும் வெளிச்சம். அத்தனை ஈசலும் அவள் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த ஒரு வேளைக்குப் பேச்சியம்மா லயத்துக்கே ராணி. அவளுக்கு அது உள்ளுக்குள் எவ்வளவு பிடித்திருந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒருவேளை மகளுக்குத் தெரிந்திருக்கும். பேச்சியம்மாவின் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு வருவார், வந்த சுருக்கில் போவார். வீட்டில் தாயும் மகளும்தான். மகள் பிரேமினிக்கு ஈசல் பொரி வாசம் வந்தால் படிப்பு ஓடாது. பிளேன்டீயும் ஒரு கைப்பிடிப் பொரியுமாக வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்பாள். அப்படித் தின்று வளர்ந்த பிள்ளைதான் படித்து, டீச்சராகி, கந்தப்பளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். மேட்டு லயத்தில் டீச்சரான முதல் பிள்ளை. அவளுக்கென்று ஒரு டின் பொரி எப்போதும் தனியாகப் போகும்.

சாமான் விலையெல்லாம் ஏறிக் கடையில் மாவும் பருப்பும் காணாமல் போன அந்த வருஷம் மட்டும் கதை கொஞ்சம் வேறு. அப்போது கருவாடு வாங்க முடியாது, முட்டை நினைக்க முடியாது. அந்த வருஷத்து ஈசல், தேத்தண்ணிக்குத் தொட்டுக்கொள்கிற தீனியாக இருக்கவில்லை. இராத்திரிச் சாப்பாடே அதுவாகத்தான் இருந்தது. பேச்சியம்மா அதைப் பற்றித் தனியாக யோசித்ததில்லை. ஈசல் ஈசல்தான், பொரி பொரிதான்.

கஷ்டம் கொஞ்சம் ஓய்ந்து ஓரிரு வருஷம் கழித்து, ஒக்டோபர் மழைக் காலத்தில், நிரஞ்சன் என்றொரு பையன் கொழும்பிலிருந்து வந்தான். நல்ல பையன், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான், கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தான். பூச்சிகளை மனிதருக்கு உணவாக்குவதைப் பற்றி ஒரு நிறுவனத்துக்காக ஆராய்ந்து கொண்டிருந்தான். ஈசல் கிளம்பும் காலம் பார்த்து, ஒரு கமெராவையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான்.

"இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாதும்மா. நாளைக்கு உலகமே இதத்தான் சாப்பிடப் போகுது. ஒரு மாடு வளர்க்க எவ்வளவு புல்லு, எவ்வளவு தண்ணி, எவ்வளவு இடம் வேணும்? வெட்டுக்கிளிக்கும் சிள்வண்டுக்கும் அதெல்லாம் தேவையில்ல. ஒரு பெட்டி போதும். இறைச்சியில இருக்கிற சத்து அதுலயும் இருக்கு."

"ஓ, அதுதான் எங்களுக்குக் காணி குடுக்காம வச்சிருக்காங்களா தம்பி? ஒரு பெட்டியே போதும்னு விட்டுட்டாங்க போல" என்றாள் பேச்சியம்மா.

பையன் சிரித்துச் சிரித்துக் கமெராவைத் தவற விடப் பார்த்தான். அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. கொழுந்துக்குப் போகிறவர்கள் முன்பு கைக்குழந்தைகளை விட்டுப்போன, இப்போது மூடிக் கிடக்கும் பிள்ளைக்காம்பராவில் பெட்டிகள் வைத்துச் சிள்வண்டு வளர்ப்பது. காய வைத்து இடித்து மாவாக்கி, கோதுமை மாவில் கலந்து பிஸ்கட் செய்வது. லயத்துப் பெண்களுக்கு அதில் வேலை. பொரி வறுக்கத் தெரிந்த பேச்சியம்மா முன்னுக்கு நிற்க வேண்டும். அதற்காகத்தான் படம். பேச்சியம்மாவுக்குச் சிள்வண்டு பிஸ்கட்டில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் தான் வறுக்கும் பொரியைக் கேட்டு ஒருவன் கொழும்பிலிருந்து வந்திருக்கிறான் என்பது சும்மா விஷயமா?

அன்று பொழுது சாய, வரிசை முழுக்க விளக்கு அணைந்தது. ஈசல் வந்தது. அவள் வறுத்தாள், பேசினாள், சிரித்தாள். எந்தப் பதத்தில் சட்டியை இறக்க வேண்டும், கருப்பாக இருக்கிற ஈசல் ஏன் கசக்கும், மகள் சின்ன வயதில் இறகோடு தின்று இருமியது என்று கதை கதையாகச் சொன்னாள். எல்லாம் கமெராவுக்குள் போனது.

பிறகு நிரஞ்சன் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற வாக்கில் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டான்.

"அப்புறம், வாழ்க்கையெல்லாம் எப்படிம்மா போகுது?"

இங்கேதான் பேச்சியம்மா அந்தத் தப்பைச் செய்தாள். தப்பென்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

காலில் சப்பாத்து போட்டவர்கள் யார் லயத்துக்கு வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் அதற்கு ஒரே பதில்தான். துரை கேட்டாலும் அதுதான், டாக்டர் கேட்டாலும் அதுதான், எலெக்ஷனுக்கு வந்தவர் கேட்டாலும் அதுதான். முகத்தைக் கொஞ்சம் சுருக்கி, குரலைக் கொஞ்சம் இறக்கி, "கஷ்டந்தாங்க" என்பார்கள். பள்ளத்து லயத்தில் ராசாத்தி என்று ஒருத்தி, முன்பொருமுறை வந்த அதிகாரியிடம் வீம்புக்கு "நல்லா இருக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். பள்ளத்து லயத்துக்கு வர இருந்த கூரைத் தகரம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அவளை 'நல்லாருக்கோம் ராசாத்தி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மழைக்கு ஒழுகும்போதெல்லாம் அவளுக்கு வசவு விழும். நன்றாக இருக்கிறோம் என்று சொல்வது இங்கே அவ்வளவு ஆபத்து.

ஆகவே பேச்சியம்மாவும் முகத்தைச் சுருக்கினாள். கையில் ஈசல் பொரித் தட்டு இருந்தது.

"என்னாங்க தம்பி, கஷ்டந்தாங்க. கெடைக்கிறத தின்னுக்கிட்டுக் கெடக்கோம்."

கமெரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாது. அடுப்புப் புகையில் கண் வேறு கலங்கியிருந்தது.

நிரஞ்சன் முழுப் படத்தையும்தான் இணையத்தில் போட்டான். அதில் பேச்சியம்மா பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இருப்பாள். அந்த நீளப் படத்தை யார் பார்த்தார்கள்? யாரோ ஒரு புண்ணியவான் கடைசித் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, சோகமாக ஒரு வயலினைச் சேர்த்து, 'பசிக்குப் பூச்சி தின்னும் மலையகத் தாய்' என்று தலைப்புப் போட்டு விட்டான். அது போனது, போனது, கடல் தாண்டியும் போனது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு பெண் போனை நீட்டியபோதுதான் பேச்சியம்மா தன்னைப் பார்த்தாள். கலங்கிய கண்ணும் கையில் தட்டுமாக, யாரோ ஒரு பாவப்பட்ட கிழவி மாதிரி இருந்தாள். வயலின் வேறு விடாமல் அழுதது.

"என்னாடி இது, செத்த வீட்டுப் பாட்டு போட்டிருக்கானுங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

இரண்டொரு நாளில் பிரேமினி கந்தப்பளையிலிருந்து போன் எடுத்தாள். அழுகிறாளா கோபமா என்று புரியவில்லை. வகுப்புக்குள் போனால் கரும்பலகையில் இறகு வைத்த ஒரு பூச்சி வரைந்திருக்கிறதாம். 'ஈசல் டீச்சர்' என்று பேராம். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். கூட வேலை செய்யும் ஒரு டீச்சர், சோற்றுப் பார்சல் ஒன்றை அவள் மேசையில் வைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போகிறாராம். ஒவ்வொரு நாளும்.

"வேணாம்னு சொல்லவும் முடியலம்மா. நான் வேணாம்னு சொன்னா வெக்கப்படுறேன்னு நெனைக்கிறாங்க. எல்லாரும் எங்கிட்ட ரொம்ப அன்பா இருக்காங்கம்மா. எனக்குச் செத்துப் போகலாம் போல இருக்கு."

"நான் என்னா செய்யட்டும்? சொல்லு புள்ள, அம்மா செய்றேன்."

"உண்மையச் சொல்லுங்க. ருசிக்குத்தான் தின்னோம், பசிக்கு இல்லன்னு ஒரு தடவ கமெராவுக்கு முன்னால சொல்லுங்க. அது போதும்."

"அவ்வளவுதானே, சொல்றேன்" என்றாள் பேச்சியம்மா. அவளுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. சொன்ன வாய்தானே, மாற்றிச் சொல்ல முடியாதா?

நிரஞ்சனுக்குப் போன் போட்டாள். பாவம், அவனும் உடைந்து போயிருந்தான். தன் படத்தை அவன் அழித்துவிட்டான். வெட்டியெடுத்த துண்டை அவனால் என்ன செய்ய முடியும்? அது ஊர் முழுக்கப் போய்விட்டது. சிள்வண்டுத் திட்டத்தையும் மேலிடத்தில் மூடிவிட்டார்களாம். ஏழைகளுக்குப் பூச்சியைத் தின்னக் கொடுக்கிறார்கள் என்று நாலு பேர் திட்டி எழுதினார்களாம். இனி பூச்சி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்று உத்தரவாம்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றான். அவனை எதற்காக மன்னிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு லொறி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் நல்ல மனசுக்காரர்கள் சேர்த்து அனுப்பிய சாமான். அரிசி, பருப்பு, சோயா மீட், நெத்தலி, பால்மா. கூடவே மைக் பிடித்த ஒரு பெண்ணும் கமெராக்காரனும். தூறலில் குடையோடு லயத்துச் சனம் முழுக்க வரிசையில் நின்றது. பள்ளத்து லயத்துக்காரர்களும் வந்திருந்தார்கள்.

சொல்ல வேண்டியதைப் பேச்சியம்மா காலையிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அதைப் பார்த்ததுமே தோட்டத் தலைவர் அழகுமுத்துவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தொழிற்சங்கத்து ஆள், ஆனால் கெட்டவனில்லை. ஓரமாகக் கூப்பிட்டான்.

"பேச்சியக்கா, என்னா சொல்லப் போற?"

"உண்மையத்தான் தம்பி. புள்ளக்கி அங்க தல நிமிர முடியல."

"சரிக்கா. அது தப்புன்னு நான் சொல்லல." அழகுமுத்து லொறியைப் பார்த்தான். "பாதி சாமான் இன்னும் மேலதான் இருக்கு. நீ இப்பப் போயி நாங்க ருசிக்குத் தின்னோம்னு சொன்னா, அவங்க என்னா செய்வாங்க? பொய் சொல்லி வரவச்சிட்டோம்னு லொறியத் திருப்பிட்டுப் போயிருவாங்க. கடைசிக் காம்பரா புள்ள பால்மா இல்லாம தேத்தண்ணி குடிக்குது, ஒனக்கே தெரியும். ஒம் வாய நான் கட்டல. நீயே பாத்துக்க."

அவன் அதட்டியிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவன் அதட்டவில்லை.

மைக் பிடித்த பெண் குனிந்து, மிகவும் கனிவாகக் கேட்டாள். "அம்மா, இப்பவும் பூச்சிதான் சாப்பிடுறீங்களா?"

பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் கடைசிக் காம்பராக்காரி கைப்பிள்ளையோடு நின்றாள். நல்லாருக்கோம் ராசாத்தியும் நின்றாள், ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. எல்லோரும் இவள் வாயையே பார்த்தார்கள்.

"அது வந்துங்க... அது ருசிக்கு..." என்று தொடங்கினாள்.

"என்னம்மா? சத்தமா சொல்லுங்க."

லொறியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தவன் கையில் மூட்டையோடு அப்படியே நின்றான்.

"கஷ்டந்தாங்க" என்றாள் பேச்சியம்மா.

இந்த முறை கண்ணீர் அடுப்புப் புகையால் வரவில்லை. கமெராக்காரன் அதைக் கிட்டப் போய் எடுத்தான். மூட்டைகள் இறங்கின. அவளுக்கு மட்டும் இரண்டு பங்கு கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. அன்றிரவு லயம் முழுக்கச் சோயா மீட் வாசம். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. மகளிடம் எதைச் சொல்வது என்று யோசித்து யோசித்து, சோற்றை ஆற விட்டாள்.

பிரேமினி கேட்கவில்லை. பார்த்துவிட்டாள் என்று அதிலிருந்தே தெரிந்தது. போன் வந்தால், சாப்பிட்டீங்களா, மழையா, வைக்கட்டுமா என்று மூன்று வார்த்தை. மார்கழியில் வேலை இருக்கிறது என்றாள், தைப்பொங்கலுக்குச் சளிக் காய்ச்சல் என்றாள். தனியாக எடுத்து வைத்திருந்த டின் பொரி நமுத்துப் போனது. பேச்சியம்மா அதைக் கோழிக்குப் போட்டாள்.

சித்திரை விடுமுறைக்குத்தான் மகள் வீடு வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள். தாயோடு பேசினாள், சிரிக்கவும் செய்தாள். பழையபடி ஆகிவிடும் என்று பேச்சியம்மா நினைத்தாள். வருஷம் பிறந்து இரண்டாம் நாள் பெருமழை கொட்டியது. மறுநாள் ஒரே புழுக்கம். பொழுது சாய்கிற நேரம் தாயும் மகளும் இஸ்தோப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். பல்பில் ஏதோ மோதி, கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்தது. இறகு நாலும் விரிந்த ஒரு ஈசல்.

இருவரும் அதைப் பார்த்தார்கள். வரிசையின் அந்தக் கோடியில் ஒரு விளக்கு அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. பிறகு இந்தப் பக்கம். யாரும் எதையும் மறக்கவில்லை. வருகிற ஈசலையெல்லாம் பழையபடி அவளிடம்தான் அனுப்பி வைக்கிறார்கள். பேச்சியம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பேசினை எடுக்கலாம் என்று கையை ஊன்றி எழப் போனாள். அதற்குள் பிரேமினி எழுந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து பேசினுக்கு ஓடுகிறவள் அவள்தான். ஓடட்டும் என்று தாய் மறுபடி உட்கார்ந்தாள்.

பிரேமினி உள்ளே போய் விளக்கை அணைத்தாள்.

"ஏம்மா?" என்றாள் தாய்.

"யாராவது போன்ல படம் எடுப்பாங்க."

அவள் திரும்பி வந்து இருட்டில் உட்கார்ந்தாள். லயம் முழுக்க இருட்டு. பக்கத்துக் காம்பராவிலிருந்து, "பேச்சியக்கா, ஒங்க வீட்டு பல்பு போயிருச்சா?" என்று ஒரு குரல் வந்தது. பேச்சியம்மா தேத்தண்ணிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். அந்தக் குரல் மறுபடி கேட்கவில்லை. வேறு எந்த வீட்டிலும் விளக்குப் போடவும் இல்லை.

பிரேமினி மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நெசத்தச் சொல்லுங்க. நாம பசியிலதான் இத தின்னோமா?"

இல்லடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மாவும் பருப்பும் இல்லாத அந்த வருஷம் நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் சிரித்துச் சிரித்துத் தின்றதும் வந்தது. கமெராவுக்கு முன்னால் இரண்டு தடவை சொன்னதும் வந்தது. எது எதில் முடிந்து எது எதில் தொடங்கியது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"ருசியா இருந்துச்சேம்மா" என்றாள் கடைசியில். அவள் குரலே கெஞ்சுவது போலிருந்தது. "அம்மா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கேப்பியே. ஒனக்குத் தெரியாதா?"

மகள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்பது அந்த இருட்டிலும் தெரிந்தது.

"ஞாபகம் வரமாட்டேங்குதும்மா" என்றாள்.

கானோரத்திலிருந்து கிளம்பிய ஈசல்கள், ஒரு விளக்கும் இல்லாத லயத்தைச் சுற்றிப் பறந்து, ஈரச் சுவரில் மோதி விழுந்துகொண்டிருந்தன.